ஆர்மோனிய அண்ணாச்சி பதில்கள்: சனிக்கிழமை ராத்திரிச் சீட்டு

மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் நடந்த ஒரு கோடைக் கூடுகைக்குப் போய் வந்ததை, போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கிறிஸ்தவக் கோயிலில் வாத்தியம் வாசிக்கிறவர்கள், பாடகர் குழு நடத்துகிறவர்கள், அவர்களோடு ஐயர்மார் (போதகர்களைத்தான் சொல்கிறேன்) எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். ஆர்மோனிய ரிப்பேர் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் 41 வருஷமாக எங்கள் சேகரத்து (பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டம்) கோயிலில் பெடல் ஆர்மோனியம். சம்பளம் கிடையாது, கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி உண்டு.

பாட்டுக்காரர்களும் போதகர்களும் மலைக்குப் போய் மூன்று நாள் என்னதான் செய்வீர்கள்? தியானக் கூட்டமா, பிக்னிக்கா?
— ஒரு வாசகர், சாத்தான்குளம்

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது பிக்னிக் மாதிரி இருந்தது. மேலே போய்ச் சேர்ந்து, பனியில் மிருதங்கத் தோல் தொய்ந்து, சுருதி இறங்கி, தம்பி ஒருவன் அதைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது தியானம் மாதிரி ஆகிவிட்டது.

காலையில் ஜெபம், பிறகு பாட்டுப் பயிற்சி, பிற்பகல் பேச்சு. இதெல்லாம் எங்கேயும் நடப்பதுதான். விசேஷம் இரண்டாம் நாள். நடத்தினவர் ஒரு காரியம் செய்தார். ஐயர்மார் எல்லோரையும் பாடகர் குழு பெஞ்சில் உட்கார வைத்தார். எங்களை எழுப்பி, வருகிற ஞாயிறுக்குக் குறித்திருக்கிற வேதபாடத்தை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் பிரசங்கம் பண்ணச் சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அவமானம் எங்களுக்குத்தான் அதிகம். கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி, ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் வாசிக்கிறவன், அந்தப் பாடத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தான். படித்துவிட்டு, "அண்ணாச்சி, அப்போ பாட்டெல்லாம் இதுலேருந்துதான் எடுக்குறாங்களா?" என்றான். அறையே சிரித்தது. நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. எனக்கே அது தெரிய எட்டு வருஷம் ஆனது.

இப்போது ஐயர்மார் பக்கம். அங்கே ஒரு பழைய பெடல் ஆர்மோனியம் கிடந்தது. எங்கள் வட்டாரத்து ஐயர் ஒருவர், எட்டுச் சரணம் இருந்தால் எட்டும் பாட வேண்டும் என்கிற கட்சி. அவரை உட்கார வைத்து, "ஐயா, நீங்க சுருதியை மட்டும் பிடிங்க, கால் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாங்கள் பாடினோம். மூன்றாம் சரணத்தில் வலது கால் தடுமாறியது. ஐந்தாம் சரணத்தில் துருத்தியில் காற்று இறங்கி, சுருதி நோயாளி முனகுகிற மாதிரி இழுத்தது. ஆறாவதில் அவரே கையைத் தூக்கிவிட்டார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தள்ளித் தொடையைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, இதை எத்தனை வருஷமா மிதிக்கீக?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆராதனைக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஐயரா, ஆர்கன் வாசிக்கிறவரா? எங்கள் சபையில் இதற்காகவே கமிட்டியில் சண்டை.
— ஒரு வாசகி, நாசரேத்

உங்கள் சபையில் மட்டும் இல்லையம்மா. லைப்சிக் நகரத்தில் 1728இல் இதே சண்டை நடந்தது. சாயந்தர ஆராதனைக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பிரசங்கம் செய்கிற தனக்குத்தான் என்று கவுட்லிட்ஸ் என்கிற துணைக் குரு ஒருவர் கேட்டார். திருச்சபை மேலிடம் அவர் பக்கம் சாய்ந்தது. பாடகர் குழுத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. இது காலங்காலமாக என் பதவிக்கு உள்ள உரிமை என்று நகரசபைக்கு மனுப் போட்டார். அந்தத் தலைவர் பெயர் யோகான் செபாஸ்தியன் பாக். மேற்கத்திய இசையில் அதற்கு மேல் ஒரு பெயர் சொல்வது கஷ்டம். அவருக்கே அந்தக் கதி என்றால் நானும் நீங்களும் எம்மாத்திரம்?

பாக் ஒன்றும் சாது இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வாலிபத்தில் ஆர்ன்ஸ்டாட் என்கிற ஊரில் வாசித்தபோது, நான்கு வாரம் லீவு வாங்கிக்கொண்டு, லூபெக்கில் இருந்த பக்ஸ்டஹூடே என்ற பெரிய ஆர்கன் வித்வானைக் கேட்க 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார். திரும்பி வர நாலு மாதம் ஆயிற்று. 1706 பிப்ரவரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். லீவு விஷயத்தோடு, பாட்டுகளில் விநோதமான சங்கதிகளைக் கலந்து சபையைக் குழப்புகிறாய் என்றும் ஒரு குற்றச்சாட்டு. முன்பெல்லாம் ரொம்ப நீளமாக வாசித்தாராம், அதைக் கண்டித்ததும் வீம்புக்கு ரொம்பச் சுருக்கினாராம்! எனக்கு இந்த ஆளை அப்படியே தெரியும். நம் சேகரத்திலும் இருக்கிறார். (அதே 1706 ஜூலையில்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்த நாளில் இவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார்.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யார் தேர்ந்தெடுப்பது என்பதைவிட எப்போது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். எங்கள் சேகரத்தில் பாட்டுச் சீட்டு சனிக்கிழமை ராத்திரி கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) கையில் வரும். சில சமயம் ஞாயிறு காலை, இரண்டாம் மணி அடிக்கும்போது வரும். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஐந்து எண்கள். ஒரு தடவை நடுவில் ஓர் எண் மட்டும் தனியாக இருந்தது, பாமாலையா (வெள்ளைக்கார மெட்டுப் பாட்டு) கீர்த்தனையா (நம் ராகப் பாட்டு) என்று போடவில்லை. நான் பாமாலை என்று எடுத்துக்கொண்டு முகப்பு வாசித்தேன். ஐயர் கீர்த்தனையை எடுத்து ஒலிபெருக்கியில் பல்லவியைத் தொடங்கிவிட்டார். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று, நடுவில் பையன்கள் சிரிப்பு. முழு ஒரு நிமிஷம் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.

கொடைக்கானலில் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த ஓர் ஐயர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, எனக்கு ஏழு சபை. வெள்ளிக்கிழமை ஒரு அடக்க ஆராதனை, சனிக்கிழமை இரண்டு கல்யாணம். பிரசங்கமே சனிக்கிழமை ராத்திரிதான் முடியுது. பாட்டு எப்படி அதுக்கு முந்தி வரும்?" 41 வருஷத்தில் இதை நான் ஒரு தடவையும் யோசித்ததில்லை. பேசிப் பேசி வந்து சேர்ந்தது இதுதான்: பாடம் எதுவென்று வருஷத் தொடக்கத்திலேயே அல்மனாக்கில் (திருச்சபையின் வருஷக் குறிப்பேடு) இருக்கிறது. மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்தால் நாலு ஞாயிறுக்கும் தலா நாலு பாட்டு முடிவாகிவிடும். பிரசங்கத்துக்குப் பிறகு வருகிற ஒரு பாட்டை மட்டும் ஐயர் கையில் விட்டுவிடலாம், அது சனிக்கிழமை வரட்டும். உங்கள் கமிட்டியில் இதை வைத்துப் பாருங்கள்.

சாப்பாடு எப்படி? செலவு எவ்வளவு?
— ஒரு வாசகர், திசையன்விளை

சாப்பாடு நன்றாக இருந்தது, ரசம் ஆறிப்போய் வந்தது. பாதிச் செலவு சேகரம், பாதி என் பென்ஷன்.

சில பாமாலைகளைப் பாடும்போது தமிழ் காதுக்கு ஏதோ இடறுகிறது. மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, வார்த்தையும் நன்றாகத்தான் இருக்கிறது, சேர்த்தால் கோணலாகிறது. ஏன்?
— தமிழாசிரியை ஒருவர், மேலப்பாளையம்

நீங்கள் தமிழாசிரியை, பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும், என்னைச் சோதிக்கிறீர்கள். குறில் நெடில்தான் காரணம்.

பாமாலைகளில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் மெட்டுக்குத் தமிழ் வார்த்தை பொருத்தியவை. அந்த மெட்டுகளுக்கு அசை எண்ணிக்கைதான் கணக்கு. முதல் வரியில் எட்டு, இரண்டாவதில் ஆறு, மறுபடி எட்டு, ஆறு. எண்ணிக்கை சரியாக வந்தால் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் ஏற்றிவிடலாம். அவர்கள் மொழியில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பார்த்தால் போதும். நமக்கு அழுத்தம் பெரிசில்லை, நீளம்தான் பெரிசு. நீளத்தை மாற்றினால் வார்த்தையே மாறிவிடுகிறது. நீண்ட ஸ்வரத்தில் 'மலை' வந்தால் 'மாலை' ஆகிறது. 'வழி' வாழியாகிறது, 'கல்' காலாகிறது, 'விடு' வீடாகிறது. மலைமேல் ஏற வேண்டிய ஆள் மாலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

கூடுகையில் ஒரு பிற்பகல் முழுக்க இதை வைத்து உட்கார்ந்தோம். எங்களோடு வந்திருந்த ஓர் ஐயரம்மா, நல்ல ஆல்டோ குரல், எளிதாக ஒரு வழி காட்டினார். 'மலை' என்ற சொல்லுக்கு இரண்டு எண்ணிக்கை கிடைக்கிறது, மெட்டு 'ம'வில் ஒன்றரை நிற்கச் சொல்கிறது என்று வையுங்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். 'ம' அரை, 'லை' ஒன்றரை. மேளம் தவறாது, மெட்டின் முகம் மாறாது, மலை மலையாகவே நிற்கும். புத்தகத்தில் பென்சிலால் குறிலுக்கு மேல் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் திரும்பி வந்து நாற்பது பாட்டுக்குக் கோடு போட்டுவிட்டேன்.

கீர்த்தனையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழ்ச் சொல்லையும் ராகத்தையும் ஒன்றாக வைத்துக் கட்டினவர்கள். பல்லவியைத் திறந்தாலே நெடில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853இல் இந்தக் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். மெட்டோடு வந்த மிஷனரிகளிலும் இதைக் கேட்டுத் தலையாட்டினவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சொல்கிறேன்.

சபையில் பெண்கள் பாடுகிறார்கள், ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பக்திக் குறைவா?
— ஒரு போதகர், தூத்துக்குடி மாவட்டம்

பக்தியை நீங்கள் பாருங்கள் ஐயா, நான் சுருதியைப் பார்க்கிறேன்.

ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டில் C) கீர்த்தனை எடுக்கிறீர்கள். பல்லவி சுகமாகப் போகும். சரணத்தில் மேல் ஸட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரம் வரை ஏறும். அங்கேதான் சாதாரண ஆணுக்குத் தொண்டை அடைக்கிறது. கத்த வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். மரியாதைக்காரர் நிறுத்திவிடுகிறார். நாலு ஞாயிறு நிறுத்தினால் அப்புறம் பழக்கமாகிவிடும். அதே கீர்த்தனையை அதற்குக் கீழே இருக்கிற ஆறரைக் கட்டைக்கு (B ஃபிளாட்) இறக்கிப் பாருங்கள். ஒரு முழு ஸ்வரம்தான் வித்தியாசம். மேல் காந்தாரம் இரண்டு கட்டை சத்தத்தில் வந்து நிற்கும், அது பெரும்பாலோர் தொண்டைக்கு எட்டும். அதற்கு மேலே எதையும் சபையிடம் எதிர்பார்க்காதீர்கள், பாடகர் குழுவிடம் வேண்டுமானால் எதிர்பார்க்கலாம்.

எங்கள் குழுவில் பெண்கள் இதற்கு ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. என் வீட்டுக்காரி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கீபோர்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் சுருதி இறங்கும், ஏறும், சௌகரியம்தான். ஆனால் சனிக்கிழமை கல்யாணத்துக்கு இரண்டு ஏற்றி வாசித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஆர்மோனியத்தோடு சேர்ந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் கோயிலில் 300 பேருக்குத் தெரியும்.

நான் கீபோர்டு வாசிக்கிறேன். ரிதம் போட்டால் பெரியவர்கள் திட்டுகிறார்கள், ஆர்மோனியம்தான் பக்தியான வாத்தியம் என்கிறார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, ஆர்மோனியம் பாரீஸ்காரர் அலெக்சாந்தர் தெபென் 1842இல் உரிமம் வாங்கின மிஷின். அகில இந்திய வானொலி 1940இல் அதை வேண்டாம் என்று வெளியே தள்ளி, 1971 வரைக்கும் உள்ளே விடவில்லை. கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வராது, ஸ்வரங்கள் நம் சுருதிக்கு ஒத்துவராது என்று காரணம் சொன்னார்கள். அதாவது இன்று உன் கீபோர்டைப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதையே என் ஆர்மோனியத்தை வித்வான்கள் சொன்னார்கள். இதை உன் கோயில் பெரியவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் இருக்கிற ரிதம் நாலு எண்ணிக்கையில் ஓடுகிறது. கீர்த்தனையின் தலையில் சாபு தாளம் என்று போட்டிருந்தால் அது ஏழு, மூன்றும் நாலுமாக. ஏழை நாலில் அடக்கினால் ஒவ்வொரு வரியிலும் ஒரு எண்ணிக்கை குறையும். குறைந்ததை மறைக்க நீ வரியை இழுப்பாய், சபை மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடும். கூடுகையில் ஐயர்மார் ஏழு பேரைச் சாபு தாளம் போடச் சொன்னோம். தகிட தகதிமி என்று வாயால் சொல்லும்போது வந்தது, பாட்டு தொடங்கினதும் ஐந்து பேர் எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துக்குப் போய்விட்டார்கள். கஷ்டம்தான். ஆகவே ரிதத்தை நிறுத்திவிட்டு முதலில் கையால் தாளம் போட்டுப் பழகு, அப்புறம் பெட்டியைத் திற. சங்கராபரண ராகத்தில் இருக்கிற பாட்டுகளுக்குக் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) போடு, அது மேஜர் ஸ்கேல்தான், ஒத்துக்கொள்ளும். ஆனந்தபைரவியைக் கார்டு போட்டுக் கொல்லாதே.

பிரசங்கம் தொடங்கியதும் இசைக்குழுவினர் வெளியே போய் டீ குடிக்கிறார்கள். கூடுகையில் இதைப் பேசினீர்களா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு போதகர்

பேசினோம். டீக்கடைக்குப் போகிறவர்கள் நாலு பேர் தலை குனிந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, "ஐயா, பாட்டு நடக்கையில நீங்க பின்னால அறிவிப்பு எழுதிக்கிட்டு இருக்கீங்களே" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நீடிக்கவில்லை.

கொடைக்கானலில் இப்படி நடத்துவது புதுசா? இதற்கு முன்னோடிகள் உண்டா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை

கொடைக்கானலே இந்த மாதிரி ஆட்களால் உண்டான ஊர்தான். மதுரை மிஷன் அமெரிக்கர்கள் 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மேலே ஓடினவர்கள், மேலே போனதும் சும்மா இருக்கவில்லை, கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். சும்மா இருப்பது நம் சபைக்காரர்களுக்கு அன்றும் வராது.

பாட்டு விஷயத்தில் முக்கியமானவர் எச்.ஏ. பாப்ளி. லண்டன் மிஷன்காரர், ஈரோட்டில் ஊழியம் செய்தவர். முறையாகக் கர்நாடக இசை கற்றுக்கொண்டு, கதாகாலட்சேபம் செய்து, கொடைக்கானலில் கோடைகால இசைப் பள்ளியும் நடத்தினார். இந்திய இசை பற்றி 1921இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். திருக்குறளில் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அந்தக் குளிரில் உட்கார்ந்து நம் ஆட்களுக்குக் கீர்த்தனையை ஒழுங்காகப் பாடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாம் அதே குளிரில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரையும் மறக்கக் கூடாது. அவர் 1912 மே மாதம் தன் ஊரில் வித்வான்களைக் கூட்டி முதல் இசை மாநாட்டை நடத்தினார். அது கோயில்காரர்களுக்கென்று கூட்டியதல்ல, சுருதி ஆராய்ச்சிக்குக் கூட்டியது. ஆனால் தஞ்சாவூர் மே மாத வெயிலில் மாநாடு கூட்டுகிற ஆளை நான் மதிக்கிறேன்.

கத்தோலிக்கர்கள் வரலாமா? எங்கள் பங்கில் பாடகர் குழு நன்றாக இருக்கிறது, பங்குத்தந்தைக்கு இசையில் ஆர்வம் இல்லை.
— ஒரு வாசகர், மணப்பாடு

இந்தத் தடவை இரண்டு பேர் வந்திருந்தார்கள், நன்றாகப் பாடினார்கள். உங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டு, அந்தந்த மக்கள் மொழிக்கு வழி திறந்தது. உடனே எல்லா நாட்டிலும் ஒரே கேள்வி: லத்தீன் போய்விட்டது, இனி என்ன பாடுவது, யார் சொல்லிக்கொடுப்பது? அமெரிக்காவில் 1976இல் பங்கு இசைஞர்களுக்கென்று தேசிய அளவில் சங்கம் தொடங்கியபோது குருக்களையும் அதில் சேர்த்தார்கள். கோடையில்தான் அவர்கள் மாநாடு. இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1927இல், சிட்னி நிக்கல்சன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் இருந்த பெரிய ஆர்கன் வேலையை விட்டுவிட்டு, ஊர்க் கோயில் பாடகர் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி தொடங்கினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். அந்த மாதிரி உத்தியோகத்தை யாராவது விடுவார்களா?

பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆர்வம் இல்லாதவரைத்தான் கூட்டிவர வேண்டும்.

கூடுகையில் நீங்கள் பாடியதை யூடியூபில் போடலாமே? பதிப்புரிமைப் பிரச்சினை வருமா?
— ஒரு வாசகர், சென்னை

பாடுவது வேறு, போடுவது வேறு. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கில் ஒரு பாட்டைப் பாடுவதையோ வாசிப்பதையோ மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே ஞாயிறு ஆராதனையில் போன மாதம் வந்த பாட்டையும் பயப்படாமல் பாடலாம். படம் பிடித்து வலையில் ஏற்றினால் அது சடங்கு இல்லை, வெளியீடு. பாட்டு எழுதினவர் உயிரோடு இருக்கும் வரையிலும், அவர் இறந்து 60 வருஷம் வரையிலும் உரிமை இருக்கிறது. சாஸ்திரியார் 1864இல் காலமானவர், அவர் பாட்டுக்குத் தடையே இல்லை. ஆனால் சாஸ்திரியார் பாட்டுக்கு வேறொருவர் ஸ்டுடியோவில் செய்த டிராக்கைப் பின்னணியில் ஓடவிட்டால், அந்த ஒலிப்பதிவு அவருடையது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எங்கள் கூடுகையை நாங்கள் போடவில்லை. காரணம் சட்டம் இல்லை, எங்கள் டெனர் குரல்.

பறையைக் கோயிலுக்குள் வைக்கலாமா என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் விவாதம். கூடுகையில் பறை உண்டா?
— ஒரு வாசகர், விருதுநகர்

கடைசி ராத்திரி உண்டு. முதல் இரண்டு நாளும் ஒரு மூலையில் பையில் கிடந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்று சொன்னால்தான் நிறையப் பேருக்குத் தெரியும், கிராமிய இசையில் ஆராதனை முறையையே அமைத்தவர். அவர் வாதம் எளிது. கீர்த்தனை பாட ராகம் தெரிய வேண்டும், பாமாலை பாட நாலு குரல் வேண்டும், ஆர்கன் வாங்கப் பணம் வேண்டும். கிராமத்துப் பாட்டுக்கு இது ஒன்றும் வேண்டாம், தெரிந்ததைப் பாடலாம், தேவைப்பட்டால் மாற்றியும் பாடலாம். என்னைப் போன்ற ஆர்மோனியக்காரனுக்கு இதைக் கேட்கும்போது முதலில் கோபம்தான் வந்தது. என் 41 வருஷத்தையும் ஒரு வரியில் தூக்கி ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அன்று ராத்திரி கரிசல்காட்டுச் சபை ஒன்றிலிருந்து வந்த அண்ணன், நெருப்பில் தோலைக் காய வைத்து, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, திருப்பிக் காட்டி, மறுபடியும் தட்டி, சத்தம் உடைந்து தெளிவாக வந்ததும் எழுந்து நின்றார். முதல் அடியில் ஐயர்மார் எழுந்தார்கள். மூன்று நாளில் அன்றைக்குத்தான் ஒருவரும் புத்தகத்தைத் திறக்காமல் பாடினோம். எந்த எண் என்று யாரும் கேட்கவில்லை.

வாலிபர் சங்கத்துக்குச் சொல்லுங்கள்: விவாதத்தை நிறுத்திவிட்டு வாசிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடட்டும். வந்தால் முன்வரிசையில் உட்கார வைக்கட்டும்.

எனக்கு 13 வயது. அடுத்த வருஷம் நானும் வரலாமா?
— ஒரு வாசகி, ஆறுமுகநேரி

வா தாயீ. ஸ்வெட்டரும் பென்சிலும் கொண்டு வா. வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த அடுத்த வாரம் இருக்கும்படி கேட்டிருக்கிறோம். பெடல் எட்டுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்.

மலையிலிருந்து இறங்கி வந்தபின் உங்கள் சேகரத்தில் ஏதாவது மாறியதா? உண்மையைச் சொல்லவும்.
— அதே நாசரேத் வாசகி, இரண்டாம் கடிதத்தில்

சொல்கிறேன். எங்கள் ஐயரும் கூடுகைக்கு வந்திருந்தார். இறங்கி வந்த வாரமே, புதன்கிழமை ராத்திரி 9 மணிக்கு, ஐந்து பாட்டு எண்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மூன்றுக்குப் பக்கத்தில் 'பா' என்றும் இரண்டுக்குப் பக்கத்தில் 'கீ' என்றும் போட்டிருந்தார். கடைசியில், "அண்ணாச்சி, நாலாவதை ஆறரைல எடுப்போமா?" என்று ஒரு கேள்வி வேறு.

நான் அதைப் பார்த்தது சனிக்கிழமை ராத்திரி. கோயில்பிள்ளை ஏன் இன்னும் சீட்டோடு வரவில்லை என்று கேட்க ஐயருக்குப் போன் பண்ணினேன். அப்புறம்தான் தெரிந்தது.